சமத்தா இரு

…அதைத்தான் சொல்றேன் மெக்கானிக் தம்பி, அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. நீங்க பாட்டுக்கு அடுப்புக்குப் பின்னால கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்.

பிளாட்டினம் இருக்கே, அதுல அணு ஒவ்வொண்ணும் கரித்தூள் மேல தனித்தனியா உக்காரணும். அப்பத்தான் சூரியத் தகட்டுக்குத் துளியூண்டு பூசினாலும் போதும். முந்நூறு டிகிரின்னா பேசாம உக்காந்திருக்கும். சூடு ஏறிச்சோ, எந்திரிச்சுப் போயி ஒண்ணை ஒண்ணு கட்டிக்கும், பஸ் ஸ்டாண்டுல சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி. நான் படிச்சவ இல்ல. பதினேழு வருஷமா இந்த அடுப்பைப் பாத்துக்கிறேன், அவ்வளவுதான்.

ஜியான் பேராசிரியர் என்ன சொல்லிட்டார் தெரியுமா? "யூச்சின் அக்கா, ஆறாவதும் கெட்டா அடுப்பை மூடிடலாம். நீங்க பாட்டில் கழுவப் போயிடுங்க"ன்னுட்டார். அந்த ஆறாவதுதான் இதோ, தட்டுல காத்துக்கிட்டிருக்கு.

நான் என்ன குறை வச்சேன்? நம்ம சிஞ்சு ஊர்க் காத்து உங்களுக்கே தெரியும், குடை பிடிச்சா ஆளையே தூக்கிட்டுப் போகும். ஒம்பது ஜன்னலையும் சாத்தி வச்சேன். மெஷின் மக்கர் பண்ணாம ஓடணும்னு நம்ம தைவான்ல மேல ஒரு நொறுக்குத் தீனிப் பொட்டலம் வைப்போமே, அதுலயும் குறை கிடையாது. உறையில போட்டிருக்கிற பேரே "சமத்தா இரு". பச்சை உறைதான், மஞ்சள் இல்ல… மஞ்சளை வச்சா மெஷின் லீவு போட்டுடும். பக்கத்து லேப்ல ஒருத்தன், தேங்காய் வாசனையா இருக்குன்னு மெஷின் மேல இருந்ததைப் பிரிச்சுத் தின்னுட்டான். மறுநாள் பம்பு போச்சு.

ஆராய்ச்சி பண்ற பெய்-யூ கேக்குறா, "அக்கா, அணுவுக்குப் படிக்கத் தெரியுமா?"ன்னு. "உனக்குத்தான் தெரியும், என்ன கிழிச்ச?"ன்னேன். பாவம், அவளுக்கும் இது கடைசி வருஷம்.

முன்னெல்லாம் மேல ஒண்ணுதான் வைப்பேன். இந்த வேலை முக்கியம்னு பேராசிரியர் சொன்னாரா, முக்கியமான வேலைக்கு ஒண்ணு எப்படிப் போதும்னு மூணா ஆக்கினேன். மேல இடம் இல்ல. பின்னால ஓட்டை ஓட்டையா ஒரு இடம் வாகா இருந்துச்சு. காத்துல பறக்காம நாலு பக்கமும் டேப் போட்டு அழுத்தி…

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க?

காத்து போற வழியா அது? அடைச்சா சூடு உள்ளயே நின்னுடுமா?

அப்ப… வெளியில முந்நூறுன்னு காட்டிக்கிட்டு, உள்ள முந்நூத்தி நாப்பது…

அஞ்சு தடவையுமா?

…இங்க குடுங்க அந்தப் பொட்டலங்களை. ரெண்டுல தேதி சரியா இருக்கு. இது… பாருங்க, தேதி முடிஞ்சு நாலு நாளாச்சு, அப்புறம் எப்படிப் பலிக்கும்? பாத்தீங்களா, நான் அப்பவே நினைச்சேன். ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே தம்பி, அதுல இதையே எழுதிடுங்க. பேராசிரியர் ஒரு வார்த்தை கேக்க மாட்டார்.