விலங்கியல் பயின்ற எங்கள் கடன் பிரிவுத் தலைவிக்கு

வரவையும் வட்டியையும் வாழ்நாளெல்லாம் வசப்படுத்தியவரே, தவணை தவறியோரையும் தன்மையாய்ப் பேசித் திருத்தியவரே, தணிக்கையாளர் தொடுத்த கேள்விக்கெல்லாம் தேநீர் ஆறுமுன் தெளிவுரைத்தவரே, இன்று ஓய்வுபெறும் எங்கள் தலைவியே, வணங்கி மகிழ்கிறோம்.

மேற்கண்ட அடைமொழிகள் சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற காசாளருக்கும் பொருந்தியவை. அவருடைய வழியனுப்பு மடலிலிருந்துதான் எடுத்தோம். அதில் 'வணிகவியல் கடலை வற்றக் குடித்தவரே' என்றொரு வரியும் இருந்தது, அதையும் விடவில்லை. வழக்கப்படி வரைவை உங்களிடம் காட்டினோம். அந்த வரியில் விரலை வைத்து, "நான் படிச்சது விலங்கியல்" என்றீர்கள்.

பிறகு மூத்த எழுத்தர்தான் சமாளித்தார்: "சட்டம் போட்டு வீட்ல மாட்டப்போறீங்க மேடம். வணிகவியல்னே இருக்கட்டும், பார்க்க லட்சணமா இருக்கும்."

"இத்தனை வருஷம் லட்சணமாத்தான் இருந்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. அந்தப் பொண்ணு வந்த அன்னிக்கும் வாயைத் திறக்கல."

எந்தப் பெண் என்று நாங்கள் கேட்கவில்லை. போன மாதம் நேர்காணலுக்கு வந்தவர். விலங்கியல் பட்டம், மாலை வகுப்பில் கணக்கும் படித்திருந்தார். சான்றிதழைப் பார்த்த நம் மேலாளர், "இங்க மாடு எண்ற வேலை இல்லம்மா, பணம் எண்ற வேலை" என்றார். அறையே சிரித்தது. கதவருகே நின்ற நாங்களும் சிரித்தோம். மேசை விளிம்பைப் பார்த்தபடி நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பெண் சான்றிதழ்களைப் பையில் வைத்து மூடப் பார்த்தார், ஜிப் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து முடிக்கும்வரை எல்லோரும் கூரையை ரசித்தோம்.

"விலங்கியல்னு போடலன்னா இந்தச் சட்டம் எனக்கு வேண்டாம். நீங்களே மாட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். எனவே சபையறியப் போடுகிறோம்.

விலங்கியல் பயின்ற வித்தகியே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பற்று எது வரவு எது என்று விளங்காமல், தம்பியின் பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைச் செய்தித்தாளுக்குள் மறைத்துப் பேருந்தில் படித்தவரே, நீங்கள் ஏதோ தகாத புத்தகம் படிப்பதாக எண்ணி அடுத்த இருக்கைக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தபோதும் பக்கம் திருப்பியவரே, எங்கள் பிழைகளைத் திருத்திவிட்டு எங்கள் பெயரையே போட்டு அனுப்பிய பெருந்தகையே, இந்தப் பாராட்டுகள் எந்த மடலிலிருந்தும் எடுத்தவை அல்ல, நீங்கள் சொல்லியும் நாங்கள் கண்டும் அறிந்தவை. எழுத இவ்வளவு தாமதமானதற்குத் தலைகுனிகிறோம்.

நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்த மேலாளர், உங்கள் கண்முன்னே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்து சேரச் சொன்னார். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது:

"நான் வேற இடத்துல சேர்ந்துட்டேன் சார். இங்க யாரும் சிரிக்கல."

"சந்தோஷம்மா" என்றார் மேலாளர்.

அம்மையே, முழங்கால் வலி முற்றும் நீங்கி, காலை நேரப் பேருந்தைப் பிடிக்கும் கவலையின்றி, விரும்பிய புத்தகத்தை விரித்த கையோடு, எவரிடமும் எதையும் மறைக்காமல், உற்றார் சூழ உடல்நலத்தோடு பல்லாண்டு நீங்கள் வாழ வாழ்த்துகிறோம்.

கையொப்பத்தோடு இம்முறை அவரவர் படிப்பையும் எழுதச் சொன்னீர்கள். பேனாவை யாரும் முதலில் வாங்கவில்லை. ஒருவர் கழிவறைக்கே போய்விட்டார். திரும்பி வந்தபின் எழுதினோம்.

தங்கள் அன்பிலும் பொறுமையிலும் பிழைத்த கடன் பிரிவினர்:

மூத்த எழுத்தர், வரலாறு
வசூல் அலுவலர், உடற்கல்வி
கணினிப் பதிவாளர், இசை
புதிய காசாளர், வணிகவியல் (இரண்டு தாள் இன்னும் தேறவில்லை)
மேலாளர், தாவரவியல்