முள்ளின் வாயைக் கட்டியவர்கள் வாசித்தளிக்கும் மடல்

ஈயத்தை இழைத்து எடையை இசைவித்த எங்கள் ஏந்தலே! மட்டையின் தலைக்கும் பிடிக்கும் மனம் கோணாமல் மத்தியஸ்தம் செய்த மாண்பாளரே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தராசு மேசையைத் தனியாட்சி செய்த தகைமையாளரே! "அண்ணே" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பழகிய வாய்க்கு இத்தனை அடைமொழிகளும் கொஞ்சம் இடறத்தான் செய்கின்றன, பொறுத்தருள்க!

தங்களுக்கென அச்சடித்துச் சட்டமிட்ட பிரிவுபசார மடல் வேறொன்று உண்டு. "தராசுக்கே தராசு" என்று தொடங்கும் அது இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. காலையில் நடந்த கூத்துக்குப் பிறகு அதை வாசிக்க எங்களில் எவருக்கும் முகமில்லை. மதியச் சாப்பாட்டை ஆறவிட்டு அவசரமாக எழுதிய இதைச் செவிமடுக்க வேண்டுகிறோம்.

தண்டில் தலையைப் பொருத்திவிட்டால் கோல்ஃப் மட்டை தயார் என்று நினைப்பவர் பலர். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கையோடு வரும், மற்றொன்று கையை இழுத்துக்கொண்டு போகும் என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் தாங்களே! தலையின் பின்புறம் நகத்தளவு ஈயப் பட்டையை ஒட்டியும் உரித்தும், ஒரு செட்டு முழுவதையும் ஒரே மட்டைபோல் வீசவைத்த விந்தையை என்னென்பது! அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தவன் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் மறக்கவில்லை.

தராசு மேசையிலிருந்து விடைபெறுபவர், கடைசி நாள் காலையில் தராசைப் பாராமல் கை உணர்வாலேயே ஒரு மட்டையைச் சமன்செய்து, பிறகு எல்லோர் முன்னிலையிலும் அதைத் தராசில் வைப்பது நம் பட்டறை வழக்கம். இதை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டவர், எதிர் மேசையில் தலையையும் தண்டையும் ஒட்டும் நம் பசைக்காரர். தங்கள் வலது கை நடுங்குவதையும், ஈயப் பட்டை விரலைவிட்டு நழுவுவதையும் முதலில் கண்டவர் அவர்தான். அண்ணியும் பிள்ளைகளும் வந்து நிற்கும்போது தராசு முள் கோட்டைத் தவறவிட்டால் அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர் மருகினார். எங்களிடம் ஒரு யோசனை சொன்னார், நாங்களும் மண்டையை ஆட்டினோம். முள்ளைச் சரியான கோட்டில் நிறுத்தி, அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டார்.

மட்டையை வைத்தீர்கள். முள் கோட்டில் நின்றது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எதையும் ஒரே தடவை வைத்து நம்பும் வழக்கம் தங்களுக்கு ஏது! ஈயத்தை உரித்துவிட்டு மறுபடியும் வைத்தீர்கள். முள் அசையவில்லை. மட்டையையே எடுத்தீர்கள்; வெறுந்தராசிலும் அது அதே கோட்டில் விறைத்து நின்றது. ஐயகோ, அந்தக் கணமே தரை பிளந்து எங்களை விழுங்கியிருக்கக் கூடாதா!

"எவன்டா இது?" என்றீர்கள்.

"நான்தாண்ணே. உங்க கை நடுங்குதேன்னு..." பசைக்காரர் முன்னால் வந்தார். "எல்லாருக்கும் தெரியும்ணே" என்று எங்களையும் உள்ளே இழுத்துவிட்டார். அது நியாயமே.

"நடுங்குதா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் அண்ணி.

தாங்கள் எங்கள் பக்கம் திரும்பினீர்கள். "இத்தனை வருஷம் நான் தப்பு பண்ணா மூஞ்சிக்கு நேரா சொன்னது இந்த முள்ளு ஒண்ணுதான். அது வாயையும் கட்டிட்டீங்களேடா."

பசைக்காரர் சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கினார். தாங்கள் ஈயத்தை முன்பிருந்த இடத்திலேயே ஒட்டி மட்டையை வைத்தீர்கள். முள், கோட்டுக்கு இரண்டு கோடு கீழே போய் நின்றது. "ரெண்டு கோடு குறையுது" என்று தாங்களே உரக்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் ஈயம் கேட்டு வாங்கி, சரிசெய்த பிறகே எழுந்தீர்கள்.

தங்கள் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நாங்கள் காத்தது எங்கள் கோழைத்தனத்தை. முள்ளுக்கு இருந்த துணிவு எங்களுக்கு இல்லாமல் போனதே! வெட்கத்தால் குன்றிப்போய் நிற்கிறோம்.

நோயற்ற வாழ்வு பெறுக என்று வாய் மணக்க வாழ்த்திவிட்டு மாலையைப் போட்டு அனுப்புவது எளிது. அண்ணே, தங்கள் வலது கை நடுங்குகிறது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே நடுங்குகிறது. எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் சொல்லவில்லை. நாளைக் காலை மருத்துவரிடம் அழைத்துப்போகப் பசைக்காரர் வண்டியோடு தங்கள் வாசலில் நிற்பார். திட்டிக்கொண்டாவது ஏறிக்கொள்ளுங்கள்.

தலைகுனிந்து,
தங்கள் பட்டறைத் தோழர்கள்