இரண்டு மெஷினுக்கு ஒரு டிரான்ஸ்போமர்

ஜப்பான்ல வீட்டுக் கரண்டு நூறு வோல்ட்டுதாங்க ஐயா. நமக்கு இருநூத்தி முப்பது. அதனால அங்கருந்து வர்ற பழைய சாமான் எதையும் நேரா நம்ம சுவத்தில சொருகக் கூடாது. நடுவில டிரான்ஸ்போமர் ஒண்ணு வேணும். பதுளையில நான் வேலை செய்யிற ரிப்பேர் கடைக்கு மாசத்துக்கு ரெண்டு பேராவது ரைஸ் குக்கரை எரிச்சுட்டுத் தூக்கிக்கிட்டு வருவாங்க. பின்னாடி ஒட்டியிருக்கிறதப் படிச்சுப் பாக்க மாட்டாங்க. நான் படிப்பேன். எந்தச் சாமானையும் இதுவரைக்கும் நான் எரிச்சதில்ல.

முதல்லருந்து சொல்லச் சொன்னீங்க, சொல்றேன். எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. எழுதுற தம்பிக்குக் கை வலிச்சா சொல்லட்டும், நிறுத்திக்கிறேன்.

என் பேரு ஜொனி. நாப்பத்தோரு வயசு. கல்யாணம் கட்டல. பசறைக்கு மேல தேயிலைத் தோட்டத்தில, என் அண்ணன் யேசுரத்தினம் வீட்டோடதான் இருந்தேன். லயம்னா தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டுன வீடு, அதுக்குப் பின்னாடி இறக்கிக் கட்டுன சின்ன அறை என்னோடது. நடுவில கதவு கிடையாது, ஒரு திரைதான். அண்ணன் இருபத்தாறு வருஷம் ஃபெக்டரியில தூள் சலிக்கிற பக்கம் வேலை செஞ்சாரு. தூளும் பீடியும் சேந்து நெஞ்சக் கெடுத்துடுச்சு. அண்ணி மரியகொரட்டி கொழுந்தெடுக்கப் போறவங்க. அவங்க மக சுஜீவா கொழும்பில வேலை. அவதான் உங்க ஸ்டேஷனுக்கு வந்து முறைப்பாடு குடுத்தான்னு தெரியும். அவ மேல எனக்குக் கோபமில்ல. அண்ணன் செத்த அன்னிக்கு வீட்டில இருந்தது நான் மட்டும்தான், அவ கேக்க வேண்டியதுதான்.

நீங்க எடுத்துட்டு வந்து அலமாரி மேல வச்சிருக்கீங்களே, அந்த கேம் பெட்டியப் பத்தி முதல்ல சொல்லணும். அது வெலிமடையில ஜப்பான் பழைய சாமான் விக்கிற கடையில குவியலுக்குள்ள கிடந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல பழசு. கேசட் சொருகி ஆடுறது. நான்தான் கழட்டி, துரு சுரண்டி, உள்ள ஊதிப் போயிருந்த சின்னச் சின்னச் சாமானெல்லாம் மாத்தி உயிர் குடுத்தேன். அதுக்குன்னே கனமான டிரான்ஸ்போமர் ஒண்ணும், பழைய பெட்டி டிவி ஒண்ணும் தேடிப் பிடிச்சேன்.

இப்ப எல்லாரும் எமியுலேட்டர்லதான் ஆடுறாங்க. அதே பழைய கேம போனுக்குள்ள ஓட வைக்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். கடைக்கு வர்ற பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ போன்ல போட்டுக் குடுத்திருக்கேன். அதில எந்த இடத்திலயும் நிறுத்தி வச்சுக்கலாம், செத்தா அங்கருந்தே திரும்பத் தொடங்கலாம். நோகாம நொங்கு திங்கிற வேலை. அதுகூடப் பரவாயில்ல. பட்டன அமுக்குறதுக்கும் படம் அசையுறதுக்கும் நடுவில ஒரு சின்னத் தாமதம் இருக்கும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கையில முள்ளு குத்தின மாதிரி அது எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும்.

உலகம் பூரா முந்நூறு நானூறு பேர் சேந்த ஒரு குழு இருக்கு, அந்த ஒரே கேமுக்கு. ஓடித் தாண்டிப் போற கேம், எட்டுக் கட்டம். யாரு சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு பட்டியல் வச்சிருக்காங்க. பட்டியல் ரெண்டு: ஒரிஜினல் மெஷின்ல ஆடுறவங்களுக்கு ஒண்ணு, எமியுலேட்டர்காரங்களுக்கு ஒண்ணு. ரெண்டாவது பட்டியல ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்ல. ஒரிஜினல் பட்டியல்ல பேரு வரணும்னா மெஷின், கை, டிவி மூணும் ஒரே வீடியோவில தெரியணும், நடுவில வெட்டு இருக்கக் கூடாது. நான் அதில பதினோராவது ஆளு. பசறைக்கு மேல ஒரு லயத்தில இருந்து ஆடுறவன்னு அங்க யாருக்கும் தெரியாது. கடையில முதலாளி பேசினா எழும்பி நிக்கிறவன்னும் தெரியாது. அந்த ஒரு இடத்தில நான் ஒரு ஆளு, ஐயா.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒக்சிஜன் இல்லாம முடியாதுன்னு பதுளையில டாக்டர் சொல்லிட்டாரு. காத்துல இருந்தே ஒக்சிஜன் பிரிச்சுக் குடுக்கிற மெஷின் ஒண்ணு கோயில் ஃபாதர் மூலமா கிடைச்சுது. யாரோ புண்ணியவான் அனுப்பினது. அதுவும் ஜப்பான் மெஷின். நடு வீட்டில வச்சிட்டு எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, சொருகவும் போயிட்டாங்க. நான்தான் ஓடிப் போய்ப் பின்னாடி படிச்சுப் பாத்து நிறுத்தினேன். நூறு வோல்ட். பிறகு என் அறையில இருந்து என் டிரான்ஸ்போமரத் தூக்கிக்கிட்டு வந்து மாட்டிவிட்டேன். மெஷின் ஓடுச்சு. அண்ணி அழுதுட்டாங்க. "தம்பி, நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஃபாதர் பூசையில கூட என் பேரச் சொன்னாருன்னு கேள்வி. எனக்கும் அன்னிக்கு சந்தோஷமாத்தான் இருந்திச்சு, பொய் சொல்லல.

ஆனா அன்னையில இருந்து என் மெஷினுக்கு டிரான்ஸ்போமர் இல்ல.

டிரான்ஸ்போமர்ல ரெண்டு சொக்கட் இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. இருக்கு. ரெண்டையும் சேத்துச் சொருகிப் பாத்தேன். ஒக்சிஜன் மெஷினுக்குள்ள இருக்கிற மோட்டார் உதைக்கிற ஒவ்வொரு தடவையும் டிவியில குறுக்க கோடு ஓடுச்சு. ஒருதரம் ஏழாவது கட்டத்தில அப்படியே உறைஞ்சு நின்னுட்டுது. அதோட விட்டுட்டேன். புது டிரான்ஸ்போமர் ஒண்ணுக்குக் கொழும்பில ஒரு ஆளுகிட்ட சொல்லி வச்சேன். வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அஞ்சு மாசம் எமியுலேட்டர்ல ஆடினேன். கடை விட்டு வந்து, அண்ணனுக்குக் கஞ்சி குடுத்து, முதுகு தேச்சுவிட்டு, சட்டி கழுவி, அப்புறம் திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து போன்ல ஆடுவேன். அலுத்துப் போச்சு ஐயா. எல்லாமே அலுத்துப் போச்சு. அண்ணி பகல் பூரா மலையில, நான் பகல் பூரா கடையில, ராவானா ரெண்டு பேரும் அந்தக் கட்டில் பக்கத்தில.

அண்ணனுக்கு என் விளையாட்டு தெரியும். நல்லா இருந்த காலத்தில என் பக்கத்தில ஸ்டூலப் போட்டு உக்காந்து பாப்பாரு. என் பழைய வீடியோவில எல்லாம் அவர் குரல் கேக்கும், "பாஞ்சிரு, பாஞ்சிரு, அடச் சே"ன்னு. படுத்த பிறகும் அந்த நக்கல் போகல. "போன்லயே ஆடிட்டுப் போயேன்டா, எல்லாம் ஒண்ணுதானே"ம்பாரு. ஒண்ணு இல்லண்ணேன்னா, மூக்குல இருக்கிற டியூப்பக் காட்டி, "என் நெஞ்சே இப்ப எமியுலேட்டர்லதான்டா ஓடுது, நான் என்ன செத்தா போயிட்டேன்?"ன்னு சிரிப்பாரு. சிரிச்சா இருமல் வந்துடும். அப்புறம் நான்தான் நெஞ்சத் தடவிவிடணும்.

போன மாசம் குழுவில ஒரு போட்டி வச்சாங்க. வருஷத்துக்கு ஒருக்கா வர்றது, ஒரிஜினல் மட்டும். நம்ம நேரத்துக்கு ஞாயித்துக்கிழமை பகல் பன்னெண்டு மணியோட முடியுது. கொழும்பு ஆளு வியாழக்கிழமை கட்டாயம் அனுப்புறேன்னாரு. வியாழன் வந்து எனக்கு என்னத்துக்கு?

ஞாயிறு காலையில அண்ணி பசறைக்குப் பூசைக்குப் போனாங்க. பதினொன்றரைக்குள்ள வந்துடுவேன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு இறங்கிட்டாங்க. நான் ஒன்பதரைக்கு அண்ணன்கிட்ட போய், "அண்ணே, டிரான்ஸ்போமர ஒரு அரை மணித்தியாலம் எடுத்துக்கவா"ன்னு கேட்டேன். கரண்டு போனா மாத்துறதுக்குன்னு சின்ன சிலிண்டர் ஒண்ணு கட்டிலுக்கடியில இருந்திச்சு. அதில மாட்டிவிடுறேன், தாராளமாத் தாங்கும்னு சொன்னேன். "சரிடா, ஜெயிச்சுட்டு வா"ன்னாரு. மெஷின நிறுத்தி, டியூப்ப சிலிண்டருக்கு மாத்தி, டிரான்ஸ்போமரத் தூக்கிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கரண்டு போனப்ப அந்த சிலிண்டர் முக்காவாசி ஓடிடுச்சு. மீட்டர் முள்ளு சிவப்புல நின்னுச்சு. திங்கக்கிழமை கொண்டு போய் நிரப்பணும்னு அண்ணி என்கிட்டதான் சொல்லியிருந்தாங்க. ஞாபகம் இருந்திச்சான்னா, இருந்திச்சு. சிவப்புக்குக் கீழயும் கொஞ்சம் இருக்கும்னு ஒரு நம்பிக்கை.

முதல் ஆட்டம் ஆறாவது கட்டம் வரைக்கும் அருமையாப் போச்சு. பத்தொன்பது நிமிஷம். என் வாழ்நாள்ல அப்படி ஆடினதில்ல. அப்பதான் அண்ணன் தட்டினாரு. சத்தம் போட்டுக் கூப்பிட அவருக்கு மூச்சு பத்தாது. அதனால தலைமாட்டில ஒரு டம்ளரும் கரண்டியும் வச்சிருப்போம், வேணும்னா தட்டுவாரு. டிங் டிங்னு கேட்டதும் கை ஒரு நொடி தவறிடுச்சு, பள்ளத்தில விழுந்துட்டேன். எனக்குக் கோபம் வந்துச்சு ஐயா, மறைக்கல. அஞ்சு மாசக் கோபம்.

எழும்பிப் போய்ப் பாத்தேன். சிலிண்டர்ல சத்தம் நின்னு போயிருந்திச்சு. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்திச்சு, நகம் நீலம் பாரிச்சிருந்திச்சு. உதடும் கொஞ்சம். அதுக்கு முன்னாடியும் நடந்து குளியலறைக்குப் போய் வந்தா அந்த நிறம் வரும், உக்காந்தா சரியாயிடும். நிமித்தி உக்கார வச்சேன். தலகாணி ரெண்டு முதுகுக்கு முட்டுக் குடுத்தேன். ஜன்னலத் திறந்துவிட்டேன். "தோத்துட்டேன்ணே, இன்னும் ஒரு தடவை"ன்னேன். அவர் என் முகத்தப் பாத்தாரு. வரும்போது டம்ளரையும் கரண்டியையும் எடுத்துட்டுப் போய் அடுப்படியில வச்சேன். திரும்பவும் தட்டிட்டா நேரமில்ல.

நேத்துலருந்து அரை மணித்தியாலம் அரை மணித்தியாலம்னுதான் உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அது ரெண்டாவது ஆட்டத்தோட கணக்கு மட்டும்தான். அந்த ஆட்டம் முழுக்க சிலிண்டர்ல ஒண்ணுமில்ல.

முப்பத்திரண்டு நிமிஷம் நாப்பத்தொரு செக்கன். முடிஞ்சதும் கடைசிப் படத்தப் பத்துச் செக்கன் காட்டணும்னு ஒரு சட்டம் இருக்கு, காட்டினேன். எங்க மேட்டில சிக்னல் ரொம்ப மோசம், ஏத்த நேரமெடுக்கும். அதனால வீடியோவ ஏத்த வச்சிட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன்.

அண்ணன் தலகாணியில சாஞ்சு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தாரு. தொட்டேன். தெரிஞ்சுது. தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. டிரான்ஸ்போமரக் கொண்டு போய் மாட்டினேன், டியூப்ப மூக்குல வச்சேன், மெஷினப் போட்டேன். டம்ளரத் தலைமாட்டில வச்சேன். அண்ணி வரும்போது மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்திச்சு. என்னைக் கட்டிப் பிடிச்சு, "கடைசி மூச்சு வரைக்கும் கூட இருந்தீங்களே தம்பி"ன்னு கதறினாங்க. நானும் அழுதேன். அது நடிப்பில்ல. சவப்பெட்டி சுமக்க வந்தவங்க எல்லாம் இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்னாங்க. வியாழக்கிழமை கொழும்பு ஆளு சொன்ன மாதிரியே புது டிரான்ஸ்போமர அனுப்பிட்டாரு.

சுஜீவாவுக்கு கேம் பத்தி ஒண்ணும் தெரியாது. அப்பா குரலக் கேக்கணும்னு தோணி, என் வீடியோ எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணாப் போட்டுக் கேட்டிருக்கா. அந்த ஞாயித்துக்கிழமை வீடியோவ அழிச்சிருக்கலாமேன்னு நேத்து நீங்க கேட்டீங்க. எப்படி ஐயா அழிக்கிறது? நான் இப்ப நாலாவது இடம். அந்த வீடியோ இல்லன்னா அதுவும் இல்ல.

அதில இருபத்தெட்டாவது நிமிஷத்தில வர்ற குரல் அண்ணன்தானான்னு கேக்குறீங்க. அவர்தான். எனக்குக் கேட்டுச்சா? கேட்டுச்சு. திரைக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரம். "தம்பி... முடிச்சிட்டியா"ன்னு கேக்குறாரு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு இழுத்து. நான் டிவியில இருந்து கண்ண எடுக்காம "ஒரே ஒரு கட்டம்ணே"ங்கிறேன். பிறகு "சரிப்பா"ங்கிறாரு. நல்லா சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளுங்க. நான் அவரக் கட்டாயப்படுத்தல ஐயா, அவரே சரின்னு சொன்னாரு. அத மட்டும் விட்டுடாம எழுதிக்கச் சொல்லுங்க.