சத்தம் வராத கார்ப்பெட்

திட்டம், தீர்மானம் எல்லாம் இந்த மன்றக் கூட்டத்துல எனக்கு முன்னால பேசினவங்க விலாவாரியாச் சொல்லிட்டாங்க. நான் கார்ப்பெட் விக்கிறவன். என்கிட்ட இருக்கிறது ஒரு குட்டிக் கதைதான். அதுவும் நான் அசடு வழிஞ்ச கதை. சொல்லட்டுமா?

ஆறு வருஷத்துக்கு முன்னால, சுங்கைப்பட்டாணியில நம்ம தேசிய நடன மன்றம் ஒரு தேர்வு வெச்சுது. எல்லா இனத்து ஆட்டக்காரங்களும் ஒரே மண்டபத்துல. ஜப்பின் ஆடுற மலாய்ப் பொண்ணுங்க, சிங்க நடனம் ஆடுற சீனப் பசங்க, நம்ம பரதம், பங்க்ரா... தேர்வானா கோலாலம்பூர் மேடை. இல்லேன்னா? அடுத்த தேர்வு மூணு வருஷம் கழிச்சு.

மண்டபத்து மேடை வெறும் பலகை. பார்த்தேன்... மனசு கேக்கலை. என் கடையிலேயே ஒசத்தியான சிவப்புக் கார்ப்பெட், கால் வெச்சா புதையும், அதை மேடை முழுக்க விரிச்சுக் கொடுத்தேன். இனாமா! மன்றத்துக்காரங்க மாலை போட்டு முன்வரிசையில உக்கார வெச்சாங்க. கல்யாண மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருந்தேன்.

நாலாவதா வந்தது பொய்க்கால் குதிரை. ராணி வேஷத்துல தவமலர்னு ஒரு அம்மா. கையுறை ஃபேக்டரியில வேலை. ராஜா வேஷத்துல அவங்க வீட்டுக்காரர் குணசீலன், லோரி ஓட்டுறவர். தவமலருக்கு வயசு நாப்பத்தேழு. முழங்கால் தேஞ்சுபோச்சு. 'இந்த வருஷத்தோட கட்டைக்காலைக் கழட்டிடணும்'னு டாக்டர் சொல்லிட்டார். அப்ப அந்த அம்மாவுக்கு அடுத்த தேர்வுன்னு ஒண்ணு இருக்கா? இல்ல. இதுதான்.

கட்டைக்கால் கட்டினவங்க சும்மா நிக்க முடியாதுங்க. நின்னா சாஞ்சிடும். மிதிச்சுக்கிட்டே இருக்கணும். அப்படி மிதிச்சுக்கிட்டே அந்த அம்மா ஏற்பாட்டாளர்கிட்ட கேட்டிருக்காங்க... எனக்கு இதெல்லாம் பின்னாலதான் தெரியும்.

"தம்பி, இந்தக் கார்ப்பெட்டைக் கொஞ்சம் எடுத்துடலாமா? கட்டை உள்ள போவுது."

"ஐயோ அக்கா! ஸ்பான்சர் முன்னாடியே உக்காந்திருக்காரு. எடுத்தா மனுஷன் கோவிச்சுக்குவாரு. எப்படியாச்சும் ஆடிடுங்க."

தவமலர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாங்க. கெஞ்சுற மாதிரி ஒரு பார்வை. நான் என்ன பண்ணேன் தெரியுமா? கார்ப்பெட்டைப் பாராட்டுறாங்கன்னு நெனச்சு... கையை ஆட்டிச் சிரிச்சேன்!

மேளம் ஆரம்பிச்சுது. குதிரை ரெண்டும் வந்துச்சு. ஆனா... குளம்புச் சத்தம் எங்கே? பொய்க்கால் குதிரைக்கு உசுரே அந்த 'டக்... டக்... டக்'தானே? ஒண்ணும் கேக்கலை. பஞ்சு மூட்டை மேல குதிரை நடக்குது! கட்டை புதைஞ்சு ராணி தடுமாறுறாங்க. பின்வரிசையில ஒருத்தன் கத்துறான்: "டேய், குதிரைக்குக் கால் வலிடா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ!" சிரிப்பு. மார்க்கைக் குறைக்க நடுவர்கள் பேனாவை எடுத்துட்டாங்க.

அப்ப என் தோளை யாரோ தட்டினாங்க. திரும்பினா சிங்க நடனக் குழுத் தலைவர் ஆ கியோங். அடுத்து ஆட வேண்டியவர். 'தவுக்கே', அதாவது முதலாளின்னு கூப்பிட்டு மலாய்ல கேட்டார்:

"தவுக்கே, இந்தக் கார்ப்பெட்டை என்ன சொல்லி விக்கிறீங்க?"

நான் பெருமையா, "நடந்தா சத்தமே கேக்காதுன்னு."

"நல்ல கார்ப்பெட். மேல இருந்து குதிக்கிற எங்க சிங்கத்துக்கு ரொம்ப நல்லது. ஆனா தவுக்கே... குதிரை நடந்தா சத்தம் கேக்கணும் இல்ல?"

சுருக்குன்னு ஆயிடுச்சு. முப்பது வருஷமா நான் கூவிக் கூவி வித்த பெருமைதான் அந்த அம்மா கழுத்துல கயிறா விழுந்திருக்கு!

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேடையேறிட்டேன். "நிறுத்துங்க மேளத்தை! தப்பு அவங்க கால்ல இல்ல, என் கார்ப்பெட்ல!"

தலைமை நடுவர் புவான் ரொஹானி என்னையே பார்த்தாங்க. "ஆளுக்கு ஒரு வாய்ப்புதான், அதான் விதி," அப்படின்னாங்க. அப்புறம், தடுமாறிக்கிட்டிருந்த தவமலரைப் பார்த்தாங்க. "ஆனா அந்த வாய்ப்பு இன்னும் ஆரம்பிக்கலை. சீக்கிரம் சுருட்டுங்க."

ஒட்டின டேப்பைப் பிய்ச்சு நான் சுருட்டுறேன், ஜப்பின் பொண்ணுங்க ஒரு பக்கம் தள்ளுறாங்க. அதுவரைக்கும் ராஜாவும் ராணியும் எப்படி நிப்பாங்க? ஆ கியோங்கோட பசங்க நாலு பேர் ஓடிவந்து தோளைக் கொடுத்தாங்க. சிங்கம் நின்னு குதிரையைத் தாங்குதுங்க!

அப்புறம் ஆடினாங்க பாருங்க... டக், டக், டக்! பலகையே பேசுச்சு. ஆஸ்பத்திரின்னு கத்தினவனே விசில் அடிச்சான். அந்த வருஷம் கோலாலம்பூருக்கு நம்ம குதிரை போச்சு.

கீழே இறங்கினதும் நான் கொஞ்சம் வீம்பாக் கேட்டேன்: "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே?"

கட்டையை அவுத்துக்கிட்டே அந்த அம்மா சொன்னாங்க: "விரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க?"

பக்கத்துல நின்ன பரதப் பொண்ணும் சொல்றா: "அங்கிள், நான் காலைத் தட்டினப்பவும் சத்தம் எழும்பலை. பயந்துக்கிட்டு சொல்லலை."

பெரிய மனசோட இங்க உக்காந்திருக்கிறவங்களே... என் கடைக்கு வாங்க. 'எந்த அறைக்கு, யார் நடக்கிறது'ன்னு கேக்காம ஒரு அடிகூட வெட்ட மாட்டேன். ஏன்? காசு வாங்குறேன். திருப்பிக் கொண்டுவந்துடுவீங்க. ஆனா இனாமாக் கொடுத்தப்ப கேட்டேனா? கேக்கலையே! இதுதாங்க நம்ம வியாதி. விக்கும்போது கேக்குறோம். கொடுக்கும்போது கேக்க மாட்டேங்கிறோம். நாம குடுக்குறதை வாங்கிக்கிறவன் வாயைத் திறப்பானா? திறக்க மாட்டான். தடுமாறி விழுவான். நாம கையை ஆட்டிச் சிரிப்போம்.

எல்லா இனத்து ஆட்டத்தையும் வளர்க்கத்தான் இந்த மன்றம். தாராளமா வளர்க்கலாம். நானும் பணம் தர்றேன். ஆனா ஒருத்தருக்கு மெத்தை வேணும், ஒருத்தருக்குப் பலகை வேணும், இன்னொருத்தருக்கு வெறும் மண்ணு போதும். மேடை போடுறதுக்கு முன்னாடி ஆடுறவங்ககிட்டப் போய், 'உங்க காலுக்குக் கீழ என்ன வேணும்?'னு ஒரு வார்த்தை கேளுங்க.

அந்தக் கார்ப்பெட் என்ன ஆச்சா? ஆ கியோங் எடுத்துட்டுப் போயிட்டார். அவருக்கு இனாமாத்தான் கொடுத்தேன்... ஆனா இந்தத் தடவை, கேட்டுட்டுக் கொடுத்தேன்.