கடலுக்குள் ஒரு புள்ளி

கடப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒருவன் மடியில் சுருட்டிய வரைபடம் இருந்தது. கருங்குழி தாண்டியதும் அவன்தான் பேச்செடுத்தான்.

“எங்க வூட்ட கடல்ல வரைஞ்சிட்டேன் மச்சான்.”

“இன்னாடா சொல்ற?”

“காலேஜ்ல கடல்கரைய அளந்துகினு வரச் சொன்னாங்கல்ல. எங்க ஊரு கோட்டை மதில்லேர்ந்து அளக்குற சங்கிலிய புடிச்சேன். பழைய மேப்புல வூடு இருந்த எடத்துல இப்ப அலைதான் கீது.”

“இல்லாத வூட்ட எதுக்கு வரைஞ்ச? சாரு மார்க்க கொறைப்பாரு.”

“அழிக்கத்தான் ரப்பர எடுத்தேன். அம்மா பார்த்துட்டு, அடுப்பு எங்க இருந்திச்சுன்னு கேட்டிச்சு. பென்சில்ல ஒரு புள்ளி வெச்சேன்.”

“அப்புறம்?”

“அதும்மேல விரல வெச்சிச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நான்தான் அந்தக் கைய எடுத்துவிட்டேன்.”