தம்பியின் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளம் தம்பதி. “கம்ப்யூட்டர் பெட்டிய வெச்சா கேம் ஆடப் போறோம்?” என்று அந்தப் பெண் கேட்டதும்தான் காது கொடுத்தேன்.

“கலர் லைட்டு எரிஞ்சா பாக்க நல்லாருக்குமே” என்றான் கணவன்.

“லைட்டு வேணாங்க. அந்தக் காசையும் கிராபிக்ஸ் கார்டுல போட்டா கேம் திக்காம ஓடும். காலேஜ்ல அடுத்தவங்க கம்ப்யூட்டர்லதான் ஆடினேன். சொந்தமா ஒண்ணு வேணும்னுதானே கம்பெனில ஓவர்டைம் பாத்துக்கினு கீறேன்?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாகாலா தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னான்.

“கம்ப்யூட்டரு சித்தூர்ல எங்க அம்மா வீட்ல, என் தம்பி ரூம்லயே இருக்கட்டும். அவன்கிட்ட சொல்ட்டேன்.”

“நம்ம வீட்ல எடம் கீதுன்னு நீங்கதானே அளந்து பாத்தீங்க?”

“அவன் கேட்டான், இன்னா பண்றது? இஞ்சினீரிங் படிக்கிறான், படிப்புக்கு ஒதவும். நாம போறப்ப நீயும் ஆடு.”

“அங்க போனா எனக்கு அடுப்பாங்கரைதான்.”

“பார்ட்ஸ் எல்லாம் நீயே ஆர்டர் போட்ரு. உனக்குத்தான் தெரியும்” என்றான்.

அவள் போனை எடுத்து, பார்த்து வைத்திருந்த பொருள்களில் ஒன்றை நீக்கினாள்.

“இன்னாத்த எடுத்த?”

“கிராபிக்ஸ் கார்டு.”

“ஐயோ, தம்பி கோச்சிக்குவானே!”

“படிக்கிற புள்ளைக்கு அது இல்லேன்னா இன்னாத்துக்கு கோவம் வருது?”