பொரியாத வடகம்

என்ன ஜவ்வரிசிங்ணா குடுத்தீங்க? பாதி வடகம் பூவாட்டம் பொரியுது, பாதி எண்ணெய்க்கு அடியில போயிப் படுத்துக்குது! நேத்துன்னு பாத்து ஊடு நெறைய ஒரம்பரைங்க, சொந்தபந்தமெல்லாம் விருந்துக்கு வந்திருந்தாங்க. கரண்டில எடுத்துப் பாத்தா செருப்புத் தோலாட்டம் சுருண்டு கெடக்குது. கந்தம்மா ஊட்டு வடகம்னா ஆட்டையாம்பட்டில ஒரு பேரு இருக்குதுங்க, மானமே போச்சு! இருங்க இருங்க, அந்தாளுக்கு அப்பறம் நிறுத்துப் போடுவீங்க… இதுக்குன்னே செவ்வாய்ப்பேட்டைக்கு பஸ்ஸேறி வந்திருக்கறனுங்க.

ஊட்லயும் நிம்மதியில்லீங்க. மருமவ வித்யா காலைல இருந்து ஒரே அழுகை. காலேசுல ஆராய்ச்சி பண்றாளுங்க. என்னமோ பசையக் காய்ச்சி, மருந்து கலந்து, மாடி ரூம்புல கண்ணாடி மேல மெல்லிசா ஊத்தி வெப்பா. காஞ்சா சவ்வாட்டம் வரும். சாராயமும் தண்ணியும் கலந்ததை அதுல உட்டா தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போயிருமாம், சாராயம் இந்தப் பக்கமே நின்னுக்குமாம்! அடி சாமி, நம்மூரு ஆம்பளைங்க தொண்டைல ஆளுக்கொண்ணு மாட்டிவுடுன்னேன்… ஹஹ்ஹா!

அந்தச் சவ்வத்தான் காணமுங்களாம். நாளைக்கு புரபசருகிட்டக் காட்டலீன்னா இத்தன மாச ஒழப்பும் வீணாம். "அத்தை, நீங்க எடுத்தீங்களா"ங்கறா. எனக்கு வந்துச்சே கோவம்! உன்ற பசைய எடுத்து நெத்தில ஒட்டிக்கவான்னு கத்திப்போட்டு, டப்பால இருக்கற மிச்ச வடகத்த ஆட்டுக்குப் போடுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். கத்தியிருக்கப்படாதுங்க… நல்ல புள்ள. மனசே கேக்கலை.

என்னுங்க? என்ற பக்குவத்துல கொறையா? நல்லாக் கேட்டீங்க! முந்தாநேத்து மழ வந்துச்சுங்கல்ல, மாடில காஞ்சதையெல்லாம் வாரி அந்த ரூம்புக்குள்ள வெச்சேன். வெடிஞ்சதும் துணில இருந்து உரிச்சு, கண்ணாடில இருந்து உரிச்சு, எல்லாத்தையும் ஒரே டப்பால…

கண்ணாடியா? நான் துணிலதானுங்களே ஊத்தினேன்?

ஐயையோ சாமி! ஏனுங்ணா, எதுக்கு இப்பிடிச் சிரிக்கறீங்க? ஆட்டுக்குப் போடச் சொல்லிட்டு வந்தனே! போனு… போனு எங்க… அவளே கூப்படறா!

அலோ, வித்யா, அந்த டப்பாவத் தொறக்காத கண்ணு! …தொறந்துட்டியா? …உள்ள இருக்குதா? நாலு சவ்வா? கிழியாம இருக்குதா? …பின்ன! மழ வந்துச்சல்ல, நனைஞ்சிருமேன்னு அத்தைதான் பத்திரமா எடுத்து வெச்சேன்! ஆமா சாமி, மறந்துபோச்சு. அழுவாத, கண்ணத் தொடச்சுக்க. வாரேன், வாரேன்.

அப்பாடா, உசுரே வந்துச்சுங்ணா! ரெண்டு கிலோ ஜவ்வரிசி போடுங்க. உங்களுது நல்ல ஜவ்வரிசிங்க, நாந்தான் எப்பவுமே சொல்லுவனே!